எதிர்வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஷூ

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு ஜோடி ஷூக்களும் மூன்று பிரஷ்களும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் ரப்பர் செருப்பும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெளியூரில் வேலைக்குப் போயிருக்கும் உன் மகளுக்குப் போன் செய்யும்போது, மாமா விசாரித்தார் என்று சொல்லு. முதல் சம்பளத்தில் என்ன வாங்கினாள் என்று கேள். ஷூ என்று சொன்னால் எனக்கு உடனே தெரிவி, வேறு ஏதாவது சொன்னால் தெரிவிக்க வேண்டாம்.

அவள் போனபிறகு பின்னறை காலியாக இருக்கிறது, எங்களோடு வந்து இரு, மாசக் கடைசிக்குள் ஒரு வார்த்தை சொல், இல்லாவிட்டால் யாரோ ஒரு கல்லூரி ஆசிரியை கேட்கிறாள், அவளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நீ போன் செய்து பதினெட்டு நாள் ஆகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "தனியா உக்காந்து யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டாய். எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை தாள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடிப்பாய், நீ முடித்தது எனக்கே சரியென்று பட்டுவிடும், நான் சொல்ல வந்தது அப்படியே நடுத்தெருவில் நிற்கும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறேன். இருபத்தெட்டாம் தேதி ரயிலில் வருகிறேன். இங்கே எனக்கு இருந்த வேலை போய்விட்டது. அது எப்படிப் போனது என்று சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். ஆனால் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே.

என் காலை நேரம் உனக்குத் தெரியும். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் ஆறரை மணிக்குப் பாலிஷ் போட உட்கார்ந்துவிடுகிறேன். திங்கள், புதன், வெள்ளி கறுப்பு ஜோடி. செவ்வாய், வியாழன், சனி பழுப்பு ஜோடி. ஞாயிறு அவற்றுக்கும் எனக்கும் விடுமுறை. முதலில் முரட்டு பிரஷால் தூசி தட்டவேண்டும், பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்கவேண்டும், பழைய பனியன் துணியை இரண்டு விரலில் சுற்றிச் சின்னச் சின்ன வட்டமாகப் பாலிஷ் தடவவேண்டும், பத்து நிமிஷம் பொறுக்கவேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இந்தப் பத்து நிமிஷத்தில்தான். பிறகு மெத்துப் பிரஷ், கடைசியில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். சட்டை இஸ்திரி, பெல்ட், தலைவாரல் எல்லாம் முடித்து ஏழே கால் மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கே என்று கேட்கிறாயா? படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு. பதினான்கு அடி. அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, ஏழே முக்காலுக்கு ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்தால் என் நாள் முடிந்துவிடும். படுக்கப் போக இன்னும் பதின்மூன்று மணி நேரம் இருக்கும்.

உன் அண்ணி இருந்தவரைக்கும் அந்தப் பதின்மூன்று மணி நேரத்தைச் சண்டை போட்டே ஓட்டினோம். அலமாரியில் இருக்கும் ஷூவை அவள் "உங்க மூத்த பொண்டாட்டி" என்றுதான் சொல்வாள். "மூத்தவளுக்கு இன்னும் தூசி தட்டல போலிருக்கே, மொகம் வாடியிருக்கு" என்பாள். அவள் போய் நாலு வருஷமாகிவிட்டது. மூத்தவள் மட்டும் பளபளவென்று இருக்கிறாள்.

நான் ஷூவை ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். முப்பத்தொரு வருஷம் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவனுக்கு வேறு எதைப் பார்க்கத் தெரியும்? லிஃப்டுக்குள் வந்ததும் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மானேஜராக இருந்தாலும் தரை துடைக்கிறவராக இருந்தாலும் குனிந்து தரையைத்தான் பார்ப்பார்கள். தரையில் என்ன இருக்கிறது? ஷூதான் இருக்கிறது. ஆகவே லிஃப்டில் ஷூதான் முகம். யாருக்குப் பதவி உயர்வு, யார் வீட்டில் சண்டை, யார் வேலையை விடப் போகிறார் என்று அவர்கள் வீட்டாருக்கு முன்னால் எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் மாடிப் பெரிய முதலாளி என்னோடு முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "உன் ஷூவில என் மூஞ்சி தெரியுதே!" என்றார். அன்று வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் அதை எட்டு தடவை சொன்னேன். ஒன்பதாவது தடவை அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவன் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். இங்கே எல்லோரும் என்னை "லிஃப்ட் சார்" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிறார்கள் என்று சொல்வதுகூட மிகை. கூப்பிட ஆள் வேண்டுமே? சில வாரங்களில் நாலு நாள் சேர்ந்தாற்போல் நான் வாயே திறப்பதில்லை. குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க, மாடி ஏறும்போது பழைய வழக்கப்படி "ஒண்ணாவது மாடி... ரெண்டாவது மாடி..." என்று சொல்லிக்கொண்டே ஏறுவேன். ஒருநாள் இரண்டாம் மாடி மீசைக்காரர் கதவைத் திறந்து, "யாருக்கு சொல்றீங்க?" என்று கேட்டார். மூச்சு வாங்காமல் இருக்க டாக்டர் சொன்ன பயிற்சி என்று புளுகினேன். இப்போது அவரும் எண்ணிக்கொண்டேதான் ஏறுகிறார்.

ஒன்றரை மாதத்துக்கு முன் எதிர்வீட்டுக்கு ஒரு அம்மா குடிவந்தார். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயதிருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணிக்கு வருவார். வந்த மறுநாளே அவர் வாசலில் ஒரு ஜோடி ஆண் ஷூ. கறுப்புத் தோல், கயிறு வைத்தது, எட்டாம் நம்பர். படிக்கட்டில் ஒருநாள் பார்த்தபோது, "வீட்டுக்காரர் ஊர்ல இல்லையாம்மா, கண்ணுலயே படலையே?" என்று கேட்டேன். "அவருக்கு நைட் டூட்டி. பகல்ல தூங்குவாரு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறிப்போய்விட்டார். சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிற ஆள், அவர் டூட்டிக்குப் போவதை எங்கே பார்க்கப் போகிறேன்?

ஆனால் அந்த ஷூவின் நிலையைப் பார்த்தால் உனக்கே வயிறு எரியும், நீ ரப்பர் செருப்போடு குடித்தனம் பண்ணுகிறவளாக இருந்தாலும்கூட. தூசி படிந்து, மூக்கு வெளுத்து, கயிறு நுனி பிரிந்து, அதைப் போட்டுக்கொண்டு ஒரு மனுஷர் ராத்திரி முழுக்க உழைத்துவிட்டு வருகிறார். ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோனேன். எட்டாவது நாள், ஐந்து வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, என் கறுப்பு ஜோடியை முடித்தபின் துணியில் கொஞ்சம் பாலிஷ் மிச்சமிருந்தது. வீணாகப் போகிறதே என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான். அந்த ஜோடியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டில் உட்கார்ந்து, இடது கையை உள்ளே விட்டு, அரை மணி நேரத்தில் கண்ணாடியாக்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்று ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது, எனக்குத் தெரியாமலே சீட்டியடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பார்த்தால் மறுபடி அதே தூசி! எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. நாளைக்கும் வேலை இருக்கிறது என்ற சந்தோஷம் எத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்று நினைக்கிறாய்? ஞாயிறு நீங்கலாக தினமும் செய்தேன். செய்யச் செய்ய அந்த மனுஷரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது, ஆகவே இடது கையில் கனமான பை தூக்குகிறவர். இடது ஷூவின் மேல்தோலில் ஒரு வடு, ஆகவே பைக்கில் கியர் போடுகிறவர். கீழே பைக் எதுவும் நிற்கவில்லையே என்றால், பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார், பாவம், நடந்து போகிறார், அதனால்தான் இவ்வளவு தூசி. உள்ளே மூக்கை வைத்துப் பார்த்தேன், சிரிக்காதே, தொழிலில் அதுவும் உண்டு. ஒரு துளி வியர்வை நாற்றம் இல்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்தும் கால் நாறாத மனுஷன் எவ்வளவு சுத்தமானவராக இருக்கவேண்டும்! இவரோடு ஒருநாள் உட்கார்ந்து டீ குடிக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் தூக்கம் கெடக்கூடாதே என்று இந்த மாடிக்கே காவல் காத்தேன். கூரியர்காரர் மணியடிக்கப் போனால் ஓடிப்போய் கையைப் பிடித்தேன். "உள்ள நைட் டூட்டிக்காரர் தூங்குறாரு, எங்கிட்ட குடுங்க" என்று வாங்கி வைத்து, அந்த அம்மா வந்ததும் கொடுத்தேன். மீசைக்காரர் சுவரில் ஆணி அடித்தபோது கீழே இறங்கிப்போய்ச் சண்டை போட்டேன். என் ஷூ சத்தத்தில் அவர் விழித்துவிடக்கூடாது என்று, முட்டிவலியையும் பார்க்காமல் நானே வெறுங்காலோடு நடமாடினேன். ஷூ போட்டுக்கொண்டிருந்தவன் ஹாலுக்கு வெறுங்காலோடு போனேன் என்றால் நான் அந்த மனுஷரிடம் எவ்வளவு மரியாதை வைத்திருந்தேன் என்று நீயே பார்த்துக்கொள். நீ போன் செய்தபோது வேலை இருக்கிறது என்றேனே, இதுதான் அந்த வேலை.

ஆனால் ஷூவில் ஏறுகிற அழுக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயிற்று. முதல் வாரம் தூசி. இரண்டாவது வாரம் செம்மண். மூன்றாவது வாரம் சேறு, அதுவும் கயிற்றுக்கு மேலே, நாக்குக்கு மேலே, குதிகால் உள்பக்கமெல்லாம். மழையே இல்லாத நாளில் ஒரு மனுஷன் சேற்றில் தலைகீழாக நடந்தாலொழிய இப்படி ஆகாது. ஒருநாள் சேற்றில் பூந்தொட்டிச் செடியின் வேர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்ததும் எவனுக்கும் புத்தி தெளிந்திருக்கும். எனக்குத் தெளியவில்லை. ஆளைத் தோட்ட வேலைக்கு மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, அநியாயம் என்று நினைத்துக்கொண்டு, பிரிந்துபோன கயிற்றை எடுத்துவிட்டு என் கையிருப்பிலிருந்து புதுக் கயிறு கோத்துவிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம், கீழே செயலாளர் வீட்டில். தண்ணீர்த் தொட்டி, குப்பை எல்லாம் பேசி முடித்ததும் எதிர்வீட்டு அம்மா எழுந்து நின்றார். "எங்க வீட்டுக்காரர் ஷூவை யாரோ தினமும் தொடுறாங்க" என்றார்.

"காணாமப் போச்சா?" என்று கேட்டார் செயலாளர்.

"இல்ல. பாலிஷ் போட்டு வெக்கிறாங்க. இப்ப கயிறுகூட மாத்தியிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "அந்தத் திருடனை எங்க வீட்டுக்கும் அனுப்புங்க, பிள்ளைங்க ஸ்கூல் ஷூ கிடக்கு" என்றார் மீசைக்காரர். நானும் பல்லைக் காட்டினேன், காட்டாவிட்டால் மாட்டிக்கொள்வேனே! அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் வழக்கப்படி குனிந்து ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அன்றைக்கு என்னவோ நிமிர்ந்து பார்த்தேன். அவர் நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எழுந்து நான்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதற்குள் செயலாளர் என் பக்கம் திரும்பினார். "லிஃப்ட் சார், நீங்க எதிர்வீடு. சும்மாதானே இருக்கீங்க? யாருன்னு பார்த்துக் கண்டுபிடிங்க" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

சும்மாதானே இருக்கீங்க என்றார், தங்கச்சி! அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அந்த எரிச்சலில் நோட்டை வாங்கிக்கொண்டேன். ஆக, என்னைப் பிடிக்க என்னையே நியமித்தார்கள். திங்களும் செவ்வாயும் ஒழுங்காக எழுதினேன். "காலை ஏழு மணி: யாரும் வரவில்லை. ஏழு பத்து: என்னைத் தவிர யாரும் வரவில்லை." இரண்டு நாளும் அந்த ஷூவைத் தொடவில்லை. ஆனால் அவை அங்கே சேற்றோடு உட்கார்ந்திருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை காலை நோட்டில் "ஏழு மணி" என்று எழுதிவிட்டு, கடைசியாக ஒரே ஒரு தடவை, இதோடு விட்டுவிடலாம் என்று தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன்.

பத்து நிமிஷம் பொறுக்கவேண்டும் என்று சொன்னேனே, அந்தப் பத்து நிமிஷம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போன அந்த அம்மா அதை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிற்கிறார். என் இடது கை அவர் வீட்டுக்காரரின் ஷூவுக்குள் மணிக்கட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. வலது கையில் பிரஷ். மடியில் செயலாளர் கொடுத்த நோட்டு. கையும் களவுமாக என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது. கையை உருவப் பார்த்தேன், வரவில்லை. ஷூவோடு கும்பிட்டேன்.

"நீங்களா சார்?" என்றார்.

"தப்புதாம்மா. கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. உங்க வீட்டுக்காரரை எழுப்புங்க, அவர்கிட்டயே மன்னிப்புக் கேட்டுடறேன்" என்றேன்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எழுப்ப முடியாது சார். அப்படி ஒருத்தர் இல்ல" என்றார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் தனி ஆளு. முன்ன இருந்த எடத்துல ஒருத்தன் கதவைத் தட்டிட்டே இருப்பான். கூட வேலை பாக்குறவ சொன்னா, வாசல்ல ஒரு ஆம்பளை ஷூ வெச்சிக்கோ, எவனும் வரமாட்டான்னு. பழைய சாமான் கடையில வாங்கினேன். சும்மா கிடந்தா யாரும் போடலைன்னு தெரிஞ்சிடும்னு தினம் ராத்திரி தொட்டி மண்ணை எடுத்துப் பூசுவேன். மறுநாள் வந்து பாத்தா பளபளன்னு இருக்கும். யாரோ கண்டுபுடிச்சுட்டாங்க, ஆள் இல்லாத வீடுன்னு தெரிஞ்சுக்கிட்டு வெளையாடுறாங்கன்னு நெனச்சேன். இன்னும் நிறைய பூசினேன். இன்னும் பளபளன்னு ஆச்சு. மூணு வாரமா கதவுக்குப் பின்னால மேசையை இழுத்துப்போட்டுட்டுத்தான் படுக்கிறேன் சார்."

ஆறடி தூரத்தில் ஒரு பெண்பிள்ளை என்னை நினைத்துப் பயந்து தூங்காமல் கிடந்திருக்கிறார். சீட்டியடித்துக்கொண்டு நான் செய்த உபகாரத்தின் லட்சணம் அது. அந்த மேசையை இழுக்கிற சத்தம் எனக்குக்கூடக் கேட்டிருக்கிறது. டூட்டிக்குக் கிளம்புகிறார் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்திருக்கிறேன்.

"ஏன் சார் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

வாயில் என்னென்னவோ வந்தது. தூசி, தொழில், லிஃப்ட், முதலாளி. கடைசியில், "பக்கத்துல வேற யாரும் இல்லம்மா" என்றுதான் சொல்ல முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷூ மாட்டிய கையால் கண்ணைத் துடைக்கப் போய் கன்னமெல்லாம் கறுப்பானது. அவர் பார்த்தார். சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா தெரியவில்லை, சட்டென்று எழுந்தார். என் கையிலிருந்து ஷூவைப் பிடித்து இழுத்துக் கழற்றினார், இரண்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சங்கத்திடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் நோட்டில், "திருடன் மனம் திருந்தி ஊரைவிட்டுப் போகிறான்" என்று எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர் இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் பதினொரு நாளாக எதிர்வீட்டு வாசலில் ஒன்றும் இல்லை. ஷூ இருந்த இடத்தில் இரண்டு நீள்வட்டம் மட்டும் தரையில் வெளுப்பாகத் தெரிகிறது. அந்த அம்மா ஆறு மணிக்குப் போகிறார், மூன்று மணிக்கு வருகிறார், நான் கதவுக்குப் பின்னால் நின்று காலடிச் சத்தத்தைக் கேட்கிறேன், திறக்கத் தைரியமில்லை. அவருக்கு வாசலில் காவலுக்கு இருந்த ஒரே ஆளை நான் இல்லாமல் செய்துவிட்டேன். எனக்கோ, இடது கையில் பை தூக்குகிறவர், பைக்கைப் பழுதுக்குக் கொடுத்தவர், கால் நாறாதவர், இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர், இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது. இல்லாத மனுஷனுக்காக வருத்தப்படுகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நேற்று சனிக்கிழமை, பழுப்பு ஜோடியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை எழவில்லை. அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அப்போதுதான் பயந்துவிட்டேன். உன்னிடம் வந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஆகவே பின்னறையில் என் அலமாரிக்கு இடம் ஒதுக்கி வை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும், ஈரச் சுவர்ப் பக்கம் வேண்டாம். மாப்பிள்ளையின் கால் அளவை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரப்பர் செருப்போடு போகிற அந்த மனுஷருக்கு என் செலவில் ஒரு ஜோடி தோல் ஷூ வாங்கி வருகிறேன். அவர் போட வேண்டாம். வாசலில் இருந்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட காலம் சேர்ந்திருந்து, நாள் தவறாமல் சண்டை போட்டுக்கொண்டு, ஒருவர் இல்லாத வீட்டை மற்றவர் பார்க்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, தபால்பெட்டியில் போட இப்போதுதான் கதவைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். எதிர்வீட்டு வாசலில் அந்தக் கறுப்பு ஜோடி இருக்கிறது. சேறு மொழுமொழுவென்று பூசியிருக்கிறது, ஈரம்கூடக் காயவில்லை. மேலே ஒரு தொட்டிச் செடி இலை. இரண்டு வாரமாக இங்கே மழை இல்லை. பக்கத்திலேயே அந்த அம்மா டூட்டிக்குப் போட்டுப் போகிற வெள்ளை ஷூவும் இருக்கிறது. அதை அவர் இதுவரை வெளியே விட்டதே இல்லை. கதவு இரண்டு விரற்கடை திறந்திருந்தது, உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "சார், அவருக்கு நாளையிலேர்ந்து பகல் டூட்டியாம். பளிச்சுன்னு இருக்கணும்னு சொல்றாரு." "தாராளமா போகச் சொல்லுங்கம்மா, காலையில ஆறு மணிக்குள்ள ரெடியா இருக்கும்" என்றேன். பின்னறையை அந்த ஆசிரியைக்கே கொடுத்துவிடு. மாப்பிள்ளையின் கால் அளவும் வேண்டாம். வெள்ளைப் பாலிஷ் என்னிடம் இல்லை, கடை பன்னிரண்டு நிமிஷ நடை, பத்து மணிக்குத் திறப்பார்கள். ஷூ போட்டுக்கொண்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.